பழைய காரும் புதிய சந்தேகமும்

சந்தேகங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் வருவது ஒன்று. அதனால் பல சமயம் நன்மை விளைகிறது. காரியம் முடிந்து, பணமும் கட்டி, ரசீதையும் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகு வருவது மற்றொன்று. இந்த இரண்டாவது ஜாதிச் சந்தேகம் எல்லாரையும் எப்போதாவது பிடிப்பதுதான் என்றாலும், பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்கிய குடும்பஸ்தரைப் பிடிக்கிறாற்போல் வேறு யாரையும் பிடிப்பதில்லை என்பது நமது அபிப்பிராயம். வாங்கிய புடவை பிடிக்காவிட்டால் நாத்தனாருக்குக் கொடுத்து நல்ல பெயர் எடுக்கலாம். எட்டு லட்சம் ரூபாய்க் காரை யாருக்குக் கொடுத்து என்ன பெயர் எடுப்பது?

புது வண்டி வந்து ஒரு வாரம் வரையில் ஒன்றும் தெரியாது. சந்தனமும் குங்குமமும் இட்டு, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கோயிலுக்கு ஒரு நடை போய் வந்து, அண்டை அயலாருக்கெல்லாம் மிட்டாய் வழங்குகிற வரையில் ஒரே குதூகலம்தான். எட்டாம் நாள் யாராவது ஒரு சிநேகிதர் வருவார். வண்டியை ஒரு பிரதட்சிணம் செய்வார். டயரைக் காலால் தட்டிப் பார்ப்பார். "இதையா வாங்கினீர்கள்? சரி, வாங்கியாகிவிட்டது. இனிமேல் சொல்லி என்ன?" என்று சொல்லிவிட்டு, காப்பி சாப்பிட்டு, சௌக்கியமாய் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். தூக்கம் வராதவர் வண்டிக்காரர்தான். அன்றிரவு அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தாம் வாங்காமல் விட்ட வண்டிகளைப் பற்றிய வீடியோக்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்குகிறார். வாங்காத வண்டிகளிலெல்லாம் ஏதோ ஒரு விசேஷம் இருப்பதாகவும், வாங்கிய வண்டியில் மட்டும் அது இல்லை என்றும் அவருக்குத் தோன்றுகிறது.

இந்த நோய் நமது தேசத்துக்குப் புதிது. நம் தாத்தாக்களுக்கு இது வந்ததில்லை. வருவதற்கு வசதி இருக்கவில்லை என்று சொல்லவேண்டும்.

நமது நாட்டில் மோட்டார் தொழிற்சாலை ஏற்படவேண்டும் என்று 1930-களிலேயே திட்டம் தயாரித்தவர் ஸர் எம். விசுவேசுவரய்யா. அந்நாளைய வெள்ளைக்கார சர்க்கார் அதற்கு ஆதரவு கொடுக்கவில்லை. ஆயினும் 1942-ல் பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸையும், 1944-ல் வால்சந்த் ஹீராசந்த் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸையும் ஸ்தாபித்தார்கள். சுதந்திரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே முடுக்கி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, இங்கேயே உற்பத்தி செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்கிற தோரணையில் 1953-ல் டாரிப் கமிஷன் சிபாரிசு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டன. கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், நமது சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் நின்றன. மூன்றும் இங்கே பிறந்த குழந்தைகள் என்றாலும் ஜாதகம் சீமையில் எழுதியது. அம்பாஸடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு, ஹெரால்டும் அதே தேசம், ஃபியட் இத்தாலி. அதனால் என்ன? நம் தொழிலாளிகளின் கையால் ஆன வண்டி என்ற பெருமை அதில் ஏறியவர்களுக்கு இருந்தது. அது நியாயமான பெருமையே.

ஆனால் வண்டி கிடைக்கவேண்டுமே! முன்பணம் கட்டிவிட்டுப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேருகிற சமயத்தில் பதிவு செய்த கார், பிள்ளை காலேஜுக்குப் போகும்போது வரலாம். வந்த வண்டியை மறுநாளே விற்க நினைத்தால், கொடுத்த விலைக்குமேல் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் தயாராயிருக்கும். இப்பேர்ப்பட்ட நிலைமையில், "நாம் வாங்கியது சரியான வண்டிதானா?" என்று யாருக்காவது சந்தேகம் வருமா? கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும், மழை ஒழுகினாலும், கையில் கிடைத்த வண்டி தேவாமிருதம்.

1983 டிசம்பர் 14-ந் தேதி ஸ்ரீமதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை வழங்கினார். ஏறக்குறைய 50,000 ரூபாய்க்கு ஒரு புதுக் கார் என்று கேட்டதும் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டினார்கள். பிறகு 1993-ல் கார்த் தொழிலுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கிற்று. 1998-ல் ஒரே வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸாண்ட்ரோவும், டாட்டாவின் இண்டிகாவும் வெளிவந்தன. அன்றிலிருந்து கடைவீதியில் புதிது புதிதாக வண்டிகள் வந்து குவிந்தவண்ணமே இருக்கின்றன. அம்பாஸடரின் உற்பத்தி 2014-ல் நின்றது. மாருதி 800-ம் அதே வருஷத்தில் விடைபெற்றது. காத்திருக்கும் துன்பம் போய், தேர்ந்தெடுக்கும் துன்பம் வந்தது. பழைய துன்பமே மேல் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஒரு பொருளைத் தவிர வேறு பொருள் இல்லாத ஊரில் திருப்தியாயிருப்பது பெரிய சாமர்த்தியமல்ல.

இனி, நம் நண்பர் ஒருவரின் சமாசாரத்துக்கு வருவோம். தாம்பரத்துக்கு அருகில் வசிப்பவர். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு என்றால் காலணா பிசகமாட்டார். 2003-ல் வாங்கிய மாருதி 800 ஒன்று அவரிடம் இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்தது. பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனதும், தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடியதும், பேத்தி பிறந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான். பதினைந்து வருஷப் பதிவு 2018-ல் முடிந்ததும் புதுப்பித்தார். 2023-ல் மறுபடியும் புதுப்பித்தார். இரண்டாம் தடவை சற்று முகம் சுளித்தார். காரணம், 2022 ஏப்ரல் முதல் பதினைந்து வயது தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது.

2025 கோடையில் ஓர் இரவு, விழுப்புரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்புகையில், மதுராந்தகத்துக்கு இப்பால் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் கேபிள் அறுந்துபோயிற்று. சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள சாமான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் அது எங்கே கிடைக்கும்? வண்டியைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டு, நண்பரும் அவருடைய மனைவியும் ஐந்து வயதுப் பேத்தியும் ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வண்டிக்கு ஒரு முழ தூரத்தில் காற்றை வாரி இறைத்துக்கொண்டு பறந்தன. பொழுது விடிகிற சமயத்தில்தான் மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

"அந்த லாரி வெளிச்சம் குழந்தை முகத்தில் விழுந்து விழுந்து போயிற்றே, அதை நான் மறக்கமாட்டேன். இனிமேல் இந்த வண்டியில் குழந்தையை ஏற்றமாட்டேன்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து பெண்ணும் டெலிபோனில், "அப்பா, போதும் அப்பா" என்றாள்.

நண்பர் கடை கடையாய் ஏறி இறங்கினார். ஆடி மாதத்தில் வண்டி எடுக்கக்கூடாது. ஆனால் ஆடிப் பெருக்கில் எதைத் தொடங்கினாலும் பெருகும். ஆகையால் ஆகஸ்டு 3-ந் தேதி ஆடிப் பெருக்கன்று முன்பணம் கட்டி, 27-ந் தேதி விநாயக சதுர்த்தியன்று வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தார். நாலு மீட்டர் நீளத்துக்குட்பட்ட பெட்ரோல் கார். கடை விலை 8 லட்சம் ரூபாய்.

அதற்குள் நடுவில் ஒன்று நடந்திருந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டைப் பிரசங்கத்தில் பிரதம மந்திரி, தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. வரியில் சீர்திருத்தம் வரும் என்று அறிவித்தார். எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்பது அன்று யாருக்குத் தெரியும்? செப்டம்பர் 3-ந் தேதி கவுன்சில் கூடி முடிவு செய்தது. சின்னப் பெட்ரோல் கார்களுக்கு அதுவரை இருந்த 28 சதவீத வரியும் 1 சதவீத மேல்வரியும் போய், செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆயிற்று. 129 ரூபாய்க்கு விற்றது 118 ரூபாய் என்று ஆகும்போது, 8 லட்சம் ரூபாய் வண்டி 7 லட்சத்து 32 ஆயிரத்துக்கு வந்துவிடுகிறது. நவராத்திரி முதல் நாள் எல்லார் வீட்டிலும் கொலு வைத்துக்கொண்டிருக்கையில், நம் நண்பர் மட்டும் பென்சிலும் காகிதமுமாய் உட்கார்ந்து 68,000 ரூபாயைக் கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் ஜி.எஸ்.டி.யில், அடி விழுந்ததும் ஜி.எஸ்.டி.யில் என்று நாம் பரிகாசமாகச் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

அறுபத்தெட்டாயிரம் லேசான தொகையல்ல. அவருடைய வருத்தத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விசித்திரத்தைப் பாருங்கள். அந்த ஒரு கணக்கைத் தொட்டதும் மற்றக் கணக்குகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வேறு கம்பெனி வண்டியில் பின் ஸீட்டு விசாலமாயிருக்கிறதாமே? தானாகக் கியர் மாறுகிற வண்டியாக எடுத்திருக்கலாமோ? பழைய வண்டிக்கே ஓர் அறுபதாயிரம் செலவழித்து இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, கிளட்சும் டயரும் புதிதாகப் போட்டிருந்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருக்காதோ?

கடைசிக் கேள்வி மற்றவற்றைவிடப் பெரியது. அதற்கு நாம் அவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். நேயர்களும் பார்க்கட்டும்.

புது வண்டிக்கு அவர் 6 லட்சம் கடன் வாங்கியிருந்தார். 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 12,455 ரூபாய். அறுபது தவணையில் கட்டுவது 7,47,300. அதில் வட்டி மட்டும் 1,47,300. இனி, வண்டியின் தேய்மானம். மோட்டார் இன்ஷ்யூரன்ஸில் பழகிவந்திருக்கிற அட்டவணைப்படி, ஆறு மாதத்துக்குள்ளேயே நூற்றுக்கு ஐந்து போய்விடுகிறது. ஒரு வருஷம் ஆவதற்குள் பதினைந்து. ஐந்தாவது வருஷத்தில் பாதி. ஆகவே 8 லட்சத்தில் 4 லட்சம் ஆவியாகிறது. வட்டியையும் சேர்த்து ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 1,09,000 ரூபாய்க்குச் சற்று மேல். வண்டி நகராமல் நிழலில் நின்றாலும் இது போய்க்கொண்டிருக்கும்.

"பெட்ரோல் மிச்சமாகுமே!" என்றார் நண்பர். ஆகத்தான் ஆகும். பழைய வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர், புது வண்டி 18 என்று வைத்துக்கொள்ளுவோம். வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடுகிற குடும்பத்தில் 222 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால் 22,200 ரூபாய். ஒரு லட்சத்து ஒன்பதினாயிரத்தைச் செலவு செய்து இருபத்திரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கிறோம். பழைய வண்டி வருஷந்தோறும் 87,000 ரூபாய் ரிப்பேர் வைத்தாலொழிய, பணக் கணக்கில் அதுதான் ஜயிக்கும். ஒரு மாருதி 800-க்கு வருஷத்துக்கு 87,000 ரூபாய் ரிப்பேர் வைக்கிற மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை.

இதைக் கேட்டு நண்பரின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் நாம் சொல்லவந்தது அதுவல்ல. சிக்கனத்துக்காகப் புது வண்டி என்று எவர் சொன்னாலும் அது பெரும்பாலும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அப்படிச் சொல்லி வாங்கினவர்களைத்தான் பின்னால் சந்தேகம் பிடித்து ஆட்டுகிறது. ஏனெனில் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. அது அவர்கள் மனத்துக்கும் தெரியும். நண்பர் வாங்கியது எதற்காக? மதுராந்தகத்துப் புளியமரத்தடிக்காக. அதைப் பெட்ரோல் கணக்கில் எந்த வரியில் எழுதுவது?

புளியமரத்தடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. "அந்தக் காலத்து வண்டி இரும்பு, ஸார். இந்தக் காலத்து வண்டி தகரம். முட்டினால் அப்பளம்" என்கிற பேச்சை நாம் கேட்காத நாளில்லை. இதற்குப் பதில் சொல்ல 2009-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கை செய்தார்கள். சாலைப் பாதுகாப்புக்காக அங்குள்ள இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் வைத்து நடத்தும் ஸ்தாபனத்தின் ஐம்பதாவது ஆண்டு அது. 1959-ம் வருஷத்துச் செவர்லே பெல் ஏர் ஒன்றையும், அதே கம்பெனியின் 2009-ம் வருஷத்து மாலிபு ஒன்றையும் எதிரெதிரே ஓடவிட்டு மோதினார்கள். பெல் ஏர் பார்ப்பதற்கு யானை மாதிரி இருக்கும். மோதியதும் யானையின் வயிறு உள்ளே போயிற்று. ஓட்டுகிற இடத்தில் வைத்திருந்த பொம்மை மனிதனாயிருந்தால் பிழைத்திருக்கமாட்டான். புது வண்டியின் பொம்மைக்குக் காலில் சொற்பக் காயம். புது வண்டியின் முன்பக்கம் அப்பளமாவது வாஸ்தவம். அது அப்பளமாக வேண்டும் என்றே செய்திருக்கிறது. மோதுகிற வேகத்தை முன்பக்கம் நொறுங்கி வாங்கிக்கொள்ள, மனிதர் உட்காருகிற கூடு நொறுங்காமல் நிற்கிறது. பழைய வண்டியில் வேகம் முழுவதும் நேரே உட்கார்ந்திருப்பவரின் மார்புக்கு வந்துவிடுகிறது.

புது வண்டியெல்லாம் பத்திரமானது என்று சொல்லுவதற்குமில்லை. 2014 ஜனவரியில் நமது நாட்டில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பரீட்சித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்தும் பூஜ்யம் நட்சத்திரம் வாங்கின. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் இறுகிற்று. 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களில் சக்கரம் சறுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று; அதே ஜூலையில் ஓட்டுகிறவருக்கு ஏர்பேக்; 2022 ஜனவரி முதல் பக்கத்து ஸீட்டுக்கும் ஏர்பேக். 2023 அக்டோபரில் நமக்கென்று பாரத் என்.ஸி.ஏ.பி. என்ற நட்சத்திரப் பரீட்சையும் ஏற்பட்டது. 2003-ம் வருஷத்து மாருதி 800-ல் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இந்த எண்ணை ஒரு தரம் நிதானமாக வாசித்துவிட்டுப் பிறகு 68,000 ரூபாயை நினைத்துப் பார்க்கும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பின் ஸீட்டில் உட்காருகிறவர் பெல்ட் போடாவிட்டால் மேலே சொன்ன சௌகரியங்களில் பாதி வீண். நமது ஜனங்கள் பின் ஸீட்டுப் பெல்ட்டைப் புது வண்டியின் அலங்காரங்களில் ஒன்றாக நினைக்கிறார்கள். நண்பரின் மனைவி அந்த விஷயத்தில் கெட்டிக்காரர். வண்டி வந்த மறு வாரமே பேத்திக்கென்று குழந்தை ஸீட் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டார். குழந்தை முதலில் அழுதாளாம். பிறகு அது தன்னுடைய சிம்மாசனம் என்று தெரிந்ததும் யாரையும் தொடவிடுவதில்லையாம்.

சந்தேகத்தைப் பற்றி மனோதத்துவ சாஸ்திரிகளும் நிரம்ப ஆராய்ந்திருக்கிறார்கள். 1957-ல் அமெரிக்காவில், புதுக் கார் வாங்கினவர்கள் எந்த விளம்பரங்களைப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கார் வாங்கியான பிறகு விளம்பரம் படிப்பானேன் என்று நமக்குத் தோன்றும். அவர்களோ, வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்ட வண்டிகளின் விளம்பரத்தைவிட, தாங்கள் வாங்கிய வண்டியின் விளம்பரத்தையே அதிகம் படித்தார்களாம். "நாம் செய்தது சரி" என்று யாராவது சொல்லவேண்டும். வேறு யாரும் சொல்லாவிட்டால் விளம்பரமாவது சொல்லட்டும்! 1968-ல் கானடாவில் குதிரைப் பந்தய மைதானம் ஒன்றில், இரண்டு டாலர் கட்டப் போகிறவர்களையும் கட்டிவிட்டு வந்தவர்களையும் விசாரித்தார்கள். கட்டிவிட்டு வந்தவர்களுக்குத் தங்கள் குதிரையின்மேல் நம்பிக்கை கூடியிருந்தது. குதிரை அதே குதிரைதான். அரை நிமிஷத்தில் அது என்ன சாப்பிட்டுவிட்டது?

மனித மனம் இப்படித் தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்ளும் சுபாவம் உள்ளதாயிருக்க, நம் நண்பருக்கு மட்டும் ஏன் சமாதானம் வரவில்லை? 2002-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் செய்த ஒரு பரீட்சை இதற்கு வழி காட்டுகிறது. மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு போட்டோக்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒரு சாராருக்கு, "இப்போதே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவதற்கில்லை" என்றார்கள். இன்னொரு சாராருக்கு, "சில நாளைக்குள் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். மாற்றமுடியாதவர்கள்தான் தங்கள் படத்தில் அதிக திருப்தியடைந்தார்கள். மாற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தவர்கள், படத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலும்.

பதிவு செய்த காரை எந்தக் கடைக்காரரும் திருப்பி வாங்கமாட்டார். ஆகையால் கதவு சாத்தியதுதானே என்று நேயர்கள் கேட்கலாம். நம் நண்பர் வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. பழைய வண்டி இன்னும் அவர் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது! தினம் காலையில் அதை ஒரு தரம் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அது உடனே கிளம்பும். "பார்த்தீர்களா?" என்று வீட்டுக்குள்ளே குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பதில் வராது.

விற்காததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. கிடைத்த விலை அவ்வளவு கேவலமாயிருந்தது. இருபத்திரண்டு வருஷம் கண்ணுக்குக் கண்ணாய்ப் பார்த்துக்கொண்ட வண்டிக்கும், கண்டபடி அடித்து ஓட்டிய வண்டிக்கும் ஒரே விலைதான் கேட்கிறார்கள் என்று அவர் பொருமினார். அவர் பொருமலுக்கு ஒரு நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. ஜார்ஜ் அகெர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் உள்குற்றம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எல்லா வண்டியிலும் குற்றம் இருக்கும் என்று வைத்துத்தான் விலை சொல்லுவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் கொடுக்கமாட்டார். கெட்ட வண்டிகளே சந்தைக்கு வரும்; விலை இன்னும் இறங்கும். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கடையைவிட்டு வெளியே வந்த மறுகணமே புது வண்டியின் விலை சரிவதற்கும் இதுவே ஒரு காரணம். அன்று ஃபியட்டின் விலை ஏறியதையும் இன்று இறங்குவதையும் நேயர்கள் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

பழைய இரும்பாகப் போட்டுவிடுவது இன்னொரு வழி. 2021-ல் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையங்களில் ஒப்படைத்தால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். நண்பருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "ஓடுகிற வண்டியை உடைப்பதா?" என்றார்.

ஐப்பசியில் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு பால் வியாபாரி வந்தார். கூட மனைவியும் இரண்டு குழந்தைகளும் வந்திருந்தார்கள். நாலு பேரும் வந்தது ஒரே மோட்டார் சைக்கிளில். நண்பரின் மனைவிக்கு உள்ளூர ஒரு சங்கடம் இருந்தது. "நம் குழந்தைக்கு வேண்டாம் என்று தள்ளிய வண்டியை இன்னொருவர் குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. நாம் சற்று யோசித்தே பதில் சொன்னோம். 2022-ல் மாண்டவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த நாலு பேருக்கும் நாலு சக்கரமும் ஒரு கூரையும் கிடைப்பது மேல்தான். ஆனால் ஏர்பேக் இல்லாததையும், கிளட்ச் கேபிள் அறுந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நண்பர் அப்படியே சொன்னார். பால் வியாபாரி சிரித்துவிட்டு, "ஐயா, எங்க ஊரு ரோட்டுலே நாப்பதுக்கு மேலே போவ முடியாதுங்க" என்றார். புதுக் கேபிள் ஒன்றும் மாற்றிக் கொடுத்தார் நண்பர்.

பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவது நம்மவர்களின் வழக்கம். இது அபாயம். வண்டி யார் கையில் இருந்தாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் தஸ்தாவேஜில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவரைச் சேரும் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. கைமாறிக் கைமாறி நாலாவது ஆளிடம் போயிருந்தாலும் இதே சட்டம்தான். 29-ம் நம்பர்ப் பாரமும் 30-ம் நம்பர்ப் பாரமும் கையெழுத்தாகி, புதியவர் பெயருக்குப் பதிவு மாறினாலன்றிப் பழையவருக்கு விடுதலை கிடையாது. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாயிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

நம் நண்பர் பாங்குக்காரர் அல்லவா? பால் வியாபாரியையும் அழைத்துக்கொண்டு தாமே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார். போனது புது வண்டியில். வழியெல்லாம் அதன் குணாதிசயங்களை அவரிடம் வர்ணித்துக்கொண்டே போனதாகக் கேள்வி. பெயர் மாறிவிட்டது என்ற செய்தி கைபேசியில் வந்த அன்றுதான், அலமாரியில் வைத்திருந்த பழைய வண்டியின் இரண்டாவது சாவியைத் தபாலில் செய்யாறுக்கு அனுப்பினார்.